விதியை உடைக்க வேண்டுமா, தகவல் வேண்டுமா?

வாசகர் கேள்வி: "பெங்களூரு அல்சூரில் நாற்பது வருடமாக இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவேயில் (பெரிய மழைநீர்க் கால்வாய்) போன வருடம் தூர் வாரியதாக போர்டு வைத்திருக்கிறார்கள். வாரியதை யாரும் பார்க்கவில்லை. ஒப்பந்த நகல், எம்.புக் நகல், பட்டுவாடா ஆன பில், கூடவே பக்கத்துப் பூங்காவில் மரம் வெட்ட யார் அனுமதி கொடுத்தார் என்று நான்கு கேள்வி கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டேன். 'ஒரு மனுவில் ஒரு விஷயம்தான், 150 சொல்லுக்கு மேல் கூடாது' என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த விதியையே ரத்து செய்யச் சொல்லி நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா? டெல்லியில் இருக்கும் மருமகன், விதி எங்கே இருந்தாலும் டெல்லியிலேயே வழக்குப் போட்டுவிடலாம் என்கிறார். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோர்ட் தலையிடவே கூடாதாமே? அப்புறம், புதிய தனிநபர் தரவுச் சட்டத்தால் ஒப்பந்ததாரர் பெயரைக்கூடத் தர மாட்டார்கள் என்கிறார்கள். அதையும் இதே வழக்கில் சேர்த்துவிடலாமா?"

அன்புள்ள அம்மா,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மனு நகலை இரண்டு தடவை பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் மேலே யாரோ பென்சிலால் சொற்களை எண்ணியிருக்கிறார்கள். 150 வந்த இடத்தில் ஒரு வட்டம், கடைசியில் 212 என்று எழுதி இரண்டு கோடு. இவ்வளவு பொறுமையாக எண்ணியவர், தான் காட்டும் விதியையும் அதே பொறுமையோடு படித்திருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியே வந்திருக்காது.

அவர் சொல்வது கர்நாடகத் தகவல் உரிமை விதிகளில் 2008இல் சேர்க்கப்பட்ட 14ஆம் விதி. மனு ஒரு பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும், "சாதாரணமாக" 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் முதல் பாதி. எல்லோருக்கும் தெரிந்ததும் அந்தப் பாதிதான். மீதிப் பாதியில், மனுவில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருந்தால் பொதுத் தகவல் அலுவலர் முதல் பொருளுக்கு மட்டும் பதில் கொடுத்துவிட்டு, மற்றதுக்குத் தனி மனு போடும்படி சொல்லலாம் என்று இருக்கிறது. மனுவை மொத்தமாகத் திருப்பி அனுப்பலாம் என்று எங்கேயும் இல்லை. "சாதாரணமாக" என்ற சொல்லும் சும்மா அங்கே வந்து உட்காரவில்லை. தேவைப்பட்டால் 150ஐத் தாண்டலாம் என்பதற்குத்தான் அது இருக்கிறது.

உங்கள் மனுவுக்கு வருவோம். ஒப்பந்தம், இன்ஜினியர் அளந்து குறிக்கும் எம்.புக், பில் மூன்றும் ஒரே கால்வாயில் நடந்த ஒரே வேலையின் காகிதங்கள். கேள்வி மூன்றானாலும் பொருள் ஒன்றுதான். பூங்கா மரம் மட்டும் வேறு பொருள், அதை நான் மறுக்க மாட்டேன். ஆக, விதியை அதன் எழுத்துப்படி பார்த்தாலே கால்வாய்க் கேள்விகளுக்குப் பதில் வந்திருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. உங்களுக்குக் கெடுதல் செய்தது விதியா, விதியைத் தப்பாகப் படித்த ஆளா? நீதிபதி முதலில் கேட்கப்போவது இதைத்தான். விதி செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குள் போகாமலே ஒரு வழக்கைத் தீர்க்க முடியுமென்றால் கோர்ட் அப்படித்தான் தீர்க்கும். அது நம் நீதிமன்றங்களின் நெடுநாள் பழக்கம். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கே போனால், "அலுவலர் விதியை மீறியிருக்கிறார், மேல்முறையீட்டுக்குப் போங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 14ஆம் விதிக்கு ஒரு கீறலும் விழாது.

23ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட உத்தரவை எதிர்த்து எந்த நீதிமன்றமும் வழக்கை ஏற்கக் கூடாது, மேல்முறையீடு மட்டும்தான் வழி என்பது உண்மைதான். சிவில் கோர்ட் கதவு அதனால் மூடிவிட்டது. ஆனால் அரசுக்கும் அலுவலகங்களுக்கும் நேராக ஆணையிடும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவிலிருந்து வருவது. அதைப் பறிக்க முடியாது, அது சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்று 1997இல் எல்.சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். 23ஆம் பிரிவு பேசுவது "உத்தரவு" பற்றி. அரசு போடும் விதி அந்தக் கணக்கிலேயே வராது.

சரி, அப்படியானால் விதியை எதிர்த்து எப்போது போகலாம்? சட்டமோ விதியோ கெஜட்டில் வந்ததே வழக்குக்குக் காரணம் ஆகிவிடாது. அது உங்களைத் தொட்டிருக்க வேண்டும். இதை 2004இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உங்கள் மருமகனுக்கும் அந்த வழக்கிலேயே பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கதையைச் சொல்கிறேன். மும்பையில் தலைமை அலுவலகம் உள்ள கம்பெனி அது. போபால் வங்கிக் கிளையில் கடன் வாங்கியது. கடன் வசூல் நோட்டீசும் போபாலிலிருந்துதான் வந்தது. கம்பெனி போய் வழக்குப் போட்டது டெல்லியில். சட்டம் இயற்றிய பாராளுமன்றம் டெல்லியில்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். சட்டம் பிறந்த ஊர் என்பதற்காக அங்கே வழக்குப் போட முடியாது, அது உங்களைத் தொட்ட ஊர் எதுவோ அங்கே போங்கள் என்று கோர்ட் சொல்லிவிட்டது. மத்திய அரசின் சட்டத்துக்கே கதி இதுவென்றால், கர்நாடக அரசு போட்ட விதியை டெல்லிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? மருமகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சுப்ரீம் கோர்ட்டுக்கே நேராகப் போன வழக்குகள் இல்லாமல் இல்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் தன்னுடைய ஆர்.டி.ஐ. விதிகளில் மனுக் கட்டணத்தை 500 ரூபாய் என்று வைத்திருந்தது, எதற்காகக் கேட்கிறாய் என்று காரணமும் கேட்டது. ஒரு தன்னார்வ அமைப்பு நேராக உச்ச நீதிமன்றம் போனது. கட்டணம் பொதுவாக 50 ரூபாயைத் தாண்டக் கூடாது, நகலுக்குப் பக்கத்துக்கு 5 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அங்கே எதிர்த்தரப்பே ஓர் உயர் நீதிமன்றம். அதைவிட முக்கியம், 500 ரூபாய் என்பது விதியின் முகத்திலேயே எழுதியிருந்தது. யார் மனு போட்டாலும் கட்டியே ஆக வேண்டும், அலுவலர் எப்படிப் படித்தாலும் 500 என்பது 500தான். உங்கள் விதியில் "சாதாரணமாக" என்ற சொல் இருக்கிறதே, அது அரசு வக்கீலுக்குக் கிடைத்த குடை. எந்த மழைக்கும் விரிப்பார்.

விதி இன்னும் யாரையுமே தொடவில்லை, ஆனாலும் கோர்ட் கேட்டது என்பதற்கு மும்பையில் நல்ல உதாரணம் உண்டு. 2023 ஏப்ரலில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, அரசைப் பற்றி இணையத்தில் வருவதில் எது பொய் என்று சொல்ல உண்மை சரிபார்ப்புக் குழு ஒன்றை வைத்துக்கொள்ள வழி செய்தது. குழுவையே அமைத்திருக்கவில்லை. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா அதே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். குழு வந்த பிறகு வா என்று அவரை அனுப்பிவிடவில்லை. இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு எழுதி, மூன்றாவது நீதிபதி வரைக்கும் போய், 2024 செப்டம்பரில் அந்தத் திருத்தம் செல்லாது என்று ஆனது. பேச்சுரிமை விஷயத்தில், விதி இருக்கிறது என்ற பயத்திலேயே ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த வாய் மூடலே பாதிப்பு என்பதால் கோர்ட் முன்கூட்டியே கேட்கிறது. 150 சொல் விதியைப் பார்த்துப் பயந்து யாரும் மனு போடாமல் இருக்கிறார்களா? அப்படி வாதாடிப் பார்க்கலாம். ஜெயிக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

வரைவு விதிகள் விஷயத்தில் அந்த வாதத்துக்கும் இடமில்லை. 2017இல் மத்திய அரசு புதிய ஆர்.டி.ஐ. விதிகளுக்கு ஒரு வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மனுதாரர் இறந்துபோனால் மேல்முறையீடும் அத்தோடு முடிந்துவிடும் என்று அதில் இருந்தது. தகவல் கேட்டதற்காகவே ஆட்கள் கொல்லப்படும் நாட்டில் இப்படி ஒன்றா என்று பெரிய கூச்சல். கோபம் நியாயமானதுதான். ஆனால் வரைவை எதிர்த்து ஆட்சேபம் எழுதி அனுப்பலாமே தவிர வழக்குப் போட முடியாது. இன்றைக்கும் மத்திய அலுவலகங்களில் நடைமுறையில் இருப்பது 2012 விதிகள்தான்.

அந்த 2012 விதிகள் உங்களுக்குக் கைகொடுக்கும். அதிலும் சொல் வரம்பு உண்டு, 500. ஆனால் 500ஐத் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுவை நிராகரிக்கக் கூடாது என்று கூடவே எழுதியிருக்கிறது. மாநிலமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டினால் எடுபடும். மகாராஷ்டிரத்திலும் 2012இல் இதே 150 சொல் விதி வந்தது. இந்த 150 எந்த மொழியை மனதில் வைத்து எண்ணியதோ. நம் மொழியிலும் கன்னடத்திலும் நான்கு சொல்லை ஒட்டி ஒன்றாக்கிவிடலாம். "கொடுக்கப்பட்டிருக்கவேண்டியவற்றையெல்லாம்" என்று ஒரே மூச்சில் எழுதினால் பென்சில்காரர் ஒன்று என்றுதான் போட்டாக வேண்டும்.

இப்போது எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவருக்காக இதேபோல ரிட் போட்டேன். அவரிடம் மூன்று மனு போடச் சொல்லித் திருப்பி அனுப்பிய அலுவலகத்தின் உத்தரவும் சரியில்லை, விதியும் சரியில்லை என்று இரண்டையும் எதிர்த்திருந்தோம். வாதத்துக்கு ஒரு வாரம் தூங்காமல் தயார் செய்தேன். வழக்கு எடுக்கும் அன்று காலை, அட்டாரா கச்சேரி என்று நாம் சொல்லும் அந்தச் சிவப்புக் கட்டடத்து வராந்தாவில், அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே ஒரு பழுப்பு உறையை நீட்டினார். கேட்ட தகவல் முழுவதும் அதற்குள், பக்கத்துக்குப் பக்கம் சீல் வைத்து. உள்ளே போனதும், "மனுதாரருக்குத் தகவல் தரப்பட்டுவிட்டது" என்று ஒரே வாக்கியம் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்தார். "இன்ஃப்ரக்சுவஸ்" என்று முடித்துவிட்டார். பயனற்றுப்போன வழக்கு என்று அர்த்தம். பெரியவர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு சந்தோஷமாக வெளியே வந்தார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். அந்த விதி இன்னும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன், உங்களுக்கு வேண்டியது கால்வாய்க் கணக்கா, விதியின் தலையா? இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும். தகவல் சீக்கிரம் கிடைக்க நீங்கள் எடுக்கும் ஒவ்வோர் அடியும் விதியை எதிர்க்கும் வழக்கைப் பலவீனமாக்கும். வழக்கு உயிரோடு இருக்க வேண்டுமென்றால் தகவல் கிடைக்காமல் இருக்க வேண்டும். அடுத்த மழைக்குள் கால்வாயைத் தூர் வார வைக்க நினைப்பவருக்கு அது கட்டுமா? உங்கள் கடிதத்தைப் படித்தவரைக்கும் உங்களுக்கு வேண்டியது கால்வாய்க் கணக்குதான் என்றே எனக்குப் படுகிறது.

இல்லை, விதியைத்தான் பார்க்கப்போகிறேன் என்றால் ஒழுங்கான வழி இது. முதல் மேல்முறையீடு, அங்கே தோற்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. 18ஆம் பிரிவில் புகார் கொடுத்தால் போதுமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். புகாரில் அலுவலருக்கு அபராதம் போடலாம், தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணையம் இந்தச் சட்டத்தால் உண்டானது, அதனால் விதியை அதனாலும் ரத்து செய்ய முடியாது. விதிப்படி சரிதான் என்று ஆணையமே எழுதிக் கொடுத்துவிட்டால், அன்றைக்கு விதியே உங்களைத் தொட்டுவிட்டது. அந்த உத்தரவையும் விதியையும் சேர்த்து உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். விதியின் செல்லுபடியையே கேட்கும்போது மாற்று வழிகளை முடித்துவிட்டு வா என்ற தடை பொருந்தாது என்பது 1998இன் வேர்ல்பூல் வழக்கு, ஆமாம், வாஷிங் மெஷின் கம்பெனிதான். சட்டம் அப்படிச் சொன்னாலும், ஆணைய உத்தரவோடு போகிறவரைக் கோர்ட் கேட்கும் விதமே வேறு. அனுபவத்தில் சொல்கிறேன்.

எந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்ப்பது? விதி போட அதிகாரம் தரும் தாய்ச்சட்டத்துக்கு முரண், அடிப்படை உரிமைக்கு விரோதம், கண்கூடான தன்னிச்சை, இப்படி ஒரு பட்டியலை 2006இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. தமிழ்நாட்டு ஆற்று மணல் குவாரி விதி பற்றிய வழக்கு அது. தகவல் உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநில அரசு எதைப் பற்றியெல்லாம் விதி போடலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. கட்டணம், நகல் விலை, மேல்முறையீட்டு நடைமுறை எல்லாம் அதில் இருக்கின்றன. சொல் எண்ணிக்கை இல்லை. சட்டத்தை நிறைவேற்றப் பொதுவாக விதி போடும் அதிகாரம் இருக்கிறதே என்று அரசு சொல்லும். இரண்டு பக்கமும் பேச இடம் உண்டு.

பேசி முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் கவலை. மத்திய தகவல் ஆணையம் தன் வேலைக்காகப் போட்ட ஒழுங்குமுறைகள் செல்லாது என்று டெல்லி வளர்ச்சி ஆணையம் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் சொன்னது. இல்லை, அந்த அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது 2024 ஜூலையில். பதினான்கு வருடம்.

தரவுச் சட்டத்தை இந்த வழக்கில் சேர்க்காதீர்கள். அந்தச் சட்டம் ஆர்.டி.ஐ. 8(1)(ஜே) பிரிவை மாற்றியது, 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு தனிநபர் தகவலை மறுக்கும்போது பொதுநலன் இருக்கிறதா என்று அந்தப் பிரிவிலேயே பார்க்க வேண்டும். இப்போது தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவைக் காட்டி உங்களுக்கு யாரும் எதையும் மறுக்கவில்லையே. பயம் மட்டும்தான் இருக்கிறது. இதைச் சேர்த்தால் உங்கள் மனுவில் மிக பலவீனமான பக்கம் அதுவாகத்தான் இருக்கும், எதிர்த்தரப்பு அங்கே இருந்துதான் பேச ஆரம்பிக்கும். நாளைக்கு ஒப்பந்ததாரர் பெயரைக் கறுப்பு மையால் அடித்துக் கொடுத்தால், 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிறது. அதை வைத்து மேல்முறையீடு செய்வோம்.

இப்போது செய்ய வேண்டியது. அந்த அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். 14ஆம் விதியின் பிற்பாதியை அப்படியே எடுத்து எழுதி, முதல் பொருளுக்காவது பதில் தந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மனுவை நிராகரித்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று தெரிவிக்க வேண்டும் என்கிறது 7(8) பிரிவு. உங்களுக்கு வந்த கடிதத்தில் அந்த விவரம் இல்லை. அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். மரம் வெட்டிய விஷயத்துக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தனி மனு. கால்வாய்க்கும் இன்னொரு பத்து ரூபாய் செலவழித்துப் புது மனு போடத் தோன்றினால் போடுங்கள், தப்பில்லை. தகவல் அந்த வழியில் முந்திக்கொண்டு வந்தாலும் வரும்.

பின்னால் ஹைகோர்ட் போக நேர்ந்தால் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்றத்திலேயே அதற்கான குழு இருக்கிறது. நிறைய டீச்சர்களுக்கு இது தெரியாது.

திருப்பி அனுப்பிய கடிதம், அது வந்த உறை, போஸ்டல் ஆர்டரின் அடிக்கட்டை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பென்சில் எண்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், அதைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்காது. மேல்முறையீட்டுக்குக் கெடு, கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாள். நீங்கள் சொன்ன தேதிப்படி இன்றோடு பதினெட்டு போய்விட்டது. ரிஜிஸ்டர் தபால் இப்போது ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். இந்த வாரமே.